நாலு கோடு காட்டியும் நெட் நகராதது ஏன்?

தங்கச்சிமடத்தில் மீன் கமிஷன் கடை வைத்திருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: "போனில் 5ஜி என்று போட்டு நாலு கோடும் நிற்கிறது அண்ணே. ஆனால் விடியற்காலை ஏல நேரத்தில் யுபிஐ சுற்றிக்கொண்டே இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் போய்விடுகிறது. கஸ்டமர் கேரில் கேட்டால் உங்கள் ஏரியா டவரில் எந்தக் கோளாறும் இல்லை என்கிறார்கள். போன் பொய் சொல்கிறதா, கம்பெனி பொய் சொல்கிறதா? இவர்கள் நெட்வொர்க்கை எப்படித்தான் கவனிக்கிறார்கள்? பழைய நோக்கியா காலத்தில் இவ்வளவு தொல்லை இல்லையே?"

தம்பி, இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். போன் ஒன்றை அளக்கிறது, கம்பெனி வேறொன்றை அளக்கிறது. உங்களுக்கு வேண்டியதோ மூன்றாவது ஒன்று, அதாவது இந்த இடத்தில் இந்த நிமிஷம் பணம் போகுமா என்பது. அதை இரண்டு பேரும் நேராக அளப்பதில்லை. தொழில்நுட்பம் ஏற ஏற இந்த இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. சாயல்குடியிலிருந்து தொண்டி வரை வண்டியில் லேப்டாப்பும் நாலைந்து போனும் வைத்துக்கொண்டு டிரைவ் டெஸ்ட் எடுத்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தக் கோடுகள். டவரிலிருந்து வரும் அலை உங்கள் போனை எவ்வளவு வலுவாக எட்டுகிறது என்பதைத்தான் அவை காட்டுகின்றன. 4ஜியில் அதை ஆர்எஸ்ஆர்பி என்போம், அலகு டிபிஎம். மைனஸ் 80 என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 100 சுமார். மைனஸ் 115-க்குக் கீழே போனால் திண்டாட்டம். மூன்று எண் இறங்கினால் வலு பாதியாகிவிடும், பத்து இறங்கினால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். எந்த எண்ணுக்கு எத்தனை கோடு என்பதற்குப் பொது விதி எதுவும் கிடையாது. போன் தயாரிப்பவர் வைத்ததுதான் சட்டம். ஒரே மேசையில் கிடக்கும் இரண்டு போன் இரண்டு விதமாகக் கோடு காட்டுவது இதனால்தான்.

5ஜி என்ற எழுத்தும் அப்படித்தான். இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியபோது ஜியோ அதைத் தனித்து நிற்கும் முறையில் கட்டியது. ஏர்டெல் 4ஜியைச் சார்ந்து நிற்கும் முறையில் ஆரம்பித்தது. சார்ந்து நிற்கும் முறையில் போன் முதலில் 4ஜியில்தான் ஒட்டிக்கொள்ளும். தேவைப்படும்போது 5ஜி பக்கத்தில் வந்து சேரும். 'இந்த 4ஜி செல்லோடு (செல் என்றால் டவர் ஒரு திசையில் ஒரு அலைவரிசையில் கவனிக்கும் பகுதி) 5ஜி சேர முடியும்' என்று டவர் அறிவித்தாலே சில போன்கள் 5ஜி என்று போட்டுவிடும். அந்த நிமிஷம் உங்கள் தரவு முழுக்க 4ஜி வழியே போய்க்கொண்டிருக்கலாம்.

அடுத்து, கோடு சொல்லாத விஷயம். டவர் பேசுவது போனுக்குக் கேட்கிறது, சரி. போன் பேசுவது டவருக்குக் கேட்கிறதா? 4ஜி டவரின் ஒரு ரேடியோ போர்ட்டிலிருந்து வழக்கமாக 40 வாட் அளவுக்கு அனுப்புவார்கள். 5ஜியின் பெரிய ஆன்டெனாப் பலகையில் 200 வாட்டும் அதற்கு மேலும் உண்டு. உங்கள் போனால் அனுப்ப முடிந்தது 23 டிபிஎம், அதாவது ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. கரையில் ஒருவர் மைக் செட்டில் அறிவிக்கிறார், படகில் இருப்பவர் வெறும் தொண்டையால் பதில் கத்துகிறார் என்றால் எப்படியோ, அப்படித்தான் இது. போனில் கோடு குறையாமல் நிற்கும், ஆனால் நீங்கள் அனுப்பியது டவரை எட்டியிருக்காது. 3500 மெகாஹெர்ட்ஸ் 5ஜியில் இந்தக் குறை அதிகம். அலைவரிசை உயர உயர அலை சீக்கிரம் தேய்ந்துவிடும், கான்கிரீட் சுவருக்குள் இன்னும் சீக்கிரம். யுபிஐயில் போவது சில கிலோபைட்தான். ஆனாலும் பலமுறை போய் வரவேண்டிய பேச்சு அது. இடையில் ஒன்று தொலைந்தால் காத்திருந்து திரும்ப அனுப்ப வேண்டும். அதற்குள் செயலியின் பொறுமை தீர்ந்துவிடுகிறது. (வங்கியின் சர்வர் படுத்தாலும் இதே சுற்றல்தான் வரும், எல்லாப் பழியையும் டவர் மேல் போட்டுவிடக் கூடாது.)

சிக்னல் வலுவாக இருந்தும் வேலை ஆகாமல் போவதற்கு இன்னொரு காரணம், ஒரே இடத்தில் பல டவர் கேட்பது. இதைப் பார்க்க வேண்டுமென்றால் பாம்பன் ரோட்டுப் பாலத்தின் நடுவில் நின்று அளந்து பாருங்கள். சுற்றிலும் தண்ணீர், மறைக்க ஒன்றும் இல்லை. மண்டபம் பக்கத்து டவர்களும் பாம்பன் பக்கத்து டவர்களும் ஏறக்குறைய ஒரே வலுவில் வந்து விழும், தண்ணீரில் பட்டுத் திரும்பும் அலை வேறு. ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 85 காட்டும். ஆனால் எஸ்ஐஎன்ஆர், அதாவது வேண்டிய அலைக்கும் வேண்டாத இரைச்சலுக்கும் உள்ள விகிதம், பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். எஸ்ஐஎன்ஆர் 20 இருந்தால் நெட் பறக்கும், பூஜ்யத்தில் தவழும், மைனஸில் பேச்சே அறுந்துவிடும். ஆன்டெனாவைக் கொஞ்சம் கீழே சாய்த்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். சாய்த்தால் கடல் பக்கம் படகுகளுக்குக் கிடைத்துவந்த சிக்னல் சுருங்கிவிடும். அடுத்த நாளே வேறு ஊரிலிருந்து புகார் வரும்.

மூன்றாவது காரணம் கூட்டம். 4ஜியில் 20 மெகாஹெர்ட்ஸ் அகல அலைக்கற்றையில் ஒரு நேரத்தில் பங்கிட்டுக் கொடுக்க 100 துண்டுகள்தான் உண்டு, 10 மெகாஹெர்ட்ஸ் என்றால் 50. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு அக்னி தீர்த்தக் கரையில் நிற்கும் ஜனம் முழுக்க வீடியோ எடுத்து அனுப்பினால் அத்தனை துண்டும் தீர்ந்துபோகும். சிக்னலின் வலு அதனால் குறையாது. இதை எல்லோரும் அறிவார்கள், கம்பெனிகளும் முன்கூட்டியே தற்காலிக டவர் வண்டி கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அதனால் இதோடு விடுகிறேன்.

இனி கம்பெனி பக்கம். 'உங்கள் டவரில் கோளாறு இல்லை' என்று கஸ்டமர் கேரில் சொல்பவர் பார்ப்பது பெரும்பாலும் அலாரம் திரையை. மின்சாரம் போனால், பேட்டரி இறங்கினால், ரேடியோ யூனிட் பேசாமல் போனால் அலாரம் அடிக்கும். ஒன்றும் அடிக்கவில்லை என்றால் பச்சை. பச்சை என்றால் தனக்குக் கோளாறு என்று எந்தக் கருவியும் சொல்லவில்லை, அவ்வளவுதான். எங்கள் தொழிலில் 'தூங்கும் செல்' என்று ஒன்று உண்டு. மின்சாரம் இருக்கும், அலையும் போகும், அலாரம் ஒன்றும் இருக்காது. ஆனால் எந்தப் போனாலும் உள்ளே நுழைய முடியாது. அதைக் கண்டுபிடிக்க அலாரம் உதவாது. 'வழக்கமாக இந்நேரம் இத்தனை பேர் இருப்பார்களே, இன்றைக்கு ஏன் ஒருவரும் இல்லை' என்று யாராவது, அல்லது ஏதாவது மென்பொருள், கேட்க வேண்டும்.

அலாரத்துக்கு அடுத்தது கவுன்ட்டர்கள். ஒவ்வொரு செல்லும் தனக்குள் ஆயிரக்கணக்கான விஷயங்களை எண்ணிக்கொண்டே இருக்கும். எத்தனை போன் இணைய முயன்றது, எத்தனை இணைந்தது, எத்தனை பாதியில் அறுந்தது, அடுத்த செல்லுக்குக் கைமாறியது எத்தனை, துண்டுகளில் எவ்வளவு செலவானது என்று. வழக்கமாக 15 நிமிஷத்துக்கு ஒருமுறை இந்தக் கணக்கு மேலே போகும். நெட்வொர்க்கின் நாடி என்று நாங்கள் பார்ப்பது இதைத்தான், இது நல்ல முறையும்கூட. ஆனால் இந்தக் கணக்கு எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். உங்கள் போன் அனுப்பிய முதல் கோரிக்கை டவரின் காதில் விழுந்த பிறகுதான். விழவே இல்லை என்றால் அது தோல்வி என்றுகூடப் பதிவாகாது. நூறு பேர் முயன்று அறுபது பேர் குரல் மட்டும் டவருக்கு எட்டி, அதில் ஐம்பத்தொன்பது பேர் இணைந்துவிட்டால், டவரின் கணக்கில் வெற்றி 98 சதவீதத்துக்கும் மேல். வெளியே நிற்கும் நாற்பது பேரை அது பார்க்கவே இல்லை. உங்கள் ஏலக்கூடத் தகரக் கூரைக்குக் கீழே நடப்பது இதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

குரல் விஷயமும் அப்படித்தான். 4ஜியில் குரலும் தரவுப் பொட்டலமாகத்தான் போகிறது. நடுவில் மூன்று நான்கு விநாடிக்குப் பொட்டலங்கள் தொலைந்தால் 'ஹலோ... ஹலோ...' என்று கத்திவிட்டு நீங்களே கட் செய்வீர்கள். நெட்வொர்க்கைப் பொறுத்தவரை வாடிக்கையாளர் தானே முடித்துக்கொண்ட நல்ல கால் அது. கால் டிராப் கணக்கில் சேராது. குரல் பொட்டலங்கள் எவ்வளவு தொலைந்தன என்று தனியாகப் பார்த்தால்தான் பிடிபடும். அப்படிப் பார்க்கிற கருவிகள் இருக்கின்றன, ஒவ்வொரு செல்லையும் ஒவ்வொரு நாளும் உட்கார்ந்து பார்க்க ஆட்கள்தான் போதாது.

அப்புறம் சராசரி. 15 நிமிஷக் கணக்கு மணிக் கணக்காகும், மணி நாளாகும், செல் மாவட்டமாகும், மாவட்டம் வட்டமாகும். தமிழ்நாடு உரிம வட்டம் (கம்பெனிக்கு உரிமம் கொடுக்கும் எல்லை) என்பதில் சென்னையும் வரும், தனுஷ்கோடியும் வரும். கால் டிராப் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்திருக்கும் அளவுகோல். முன்பு காலாண்டுக்கு ஒருமுறை பார்த்தார்கள். 2024 அக்டோபர் 1 முதல் அமலான புதிய தர விதிகள் வழியாக, மொபைல் சேவையை 2025 ஏப்ரல் முதல் மாதம்தோறும் பார்க்கும் ஏற்பாடு வந்தது. எந்தத் தொழில்நுட்பம் எங்கே கிடைக்கும் என்ற வரைபடத்தைக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்பதும் அந்த விதிகளில்தான். நல்ல மாற்றம் என்றே சொல்வேன். இருந்தாலும் காலை நாலரை மணிக்கு ஒரு ஏலக்கூடத்தில் நடக்கிற இருபது நிமிஷத் தொல்லையை மாதக் கணக்கு காட்டிக்கொடுக்காது.

2ஜி காலத்தில் ஏன் இவ்வளவு தொல்லை இல்லை என்று கேட்டீர்கள். அப்போதும் தொல்லை இருந்தது, ஆனால் எங்கே தேடுவது என்று தெரியும். ஒரு டவர், மூன்று திசை, 900, 1800 என்று இரண்டு அலைவரிசை. பேச்சும் குறுஞ்செய்தியும்தான் வேலை. இப்போது அதே டவரில் 850 அல்லது 900, 1800, 2100, 2300, அதற்கு மேல் 700 அல்லது 3500-ல் 5ஜி என்று அடுக்கடுக்காக இருக்கிறது. மூன்று திசைக்கும் கணக்குப் போட்டால் பதினைந்து, இருபது செல். 5ஜி ஆன்டெனா அலையைக் கற்றை கற்றையாகப் பிரித்து வெவ்வேறு பக்கம் அனுப்புகிறது. ஒரு கற்றை நன்றாக இருக்கும்போதே பக்கத்துக் கற்றை சொதப்பலாம். உங்கள் போன் இரண்டு மூன்று அலைவரிசையை ஒரே நேரத்தில் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். 5ஜியில் இருக்கும்போது கால் வந்தால் சில நெட்வொர்க்கில் பேச்சுக்காக 4ஜிக்கு இறங்கும், பேசி முடித்ததும் மறுபடி ஏறும். அந்தப் படியில் ஏறி இறங்கும்போதுதான் பல கால்கள் தடுக்கி விழுகின்றன. அதற்குப் பின்னால் இருக்கும் கோர், அதாவது எல்லா டவரின் பேச்சையும் தரவையும் வழி நடத்தும் மையம், முன்பு தனித்தனி இரும்புப் பெட்டியாக இருந்தது, இப்போது பொது சர்வரில் ஓடும் மென்பொருள். ரேடியோ ஒருவருடையது, கோர் இன்னொருவருடையது என்பதும் சகஜம். 2025 செப்டம்பர் 27 அன்று தொடங்கி வைக்கப்பட்ட பிஎஸ்என்எல் 4ஜியில் ரேடியோ தேஜஸுடையது, கோர் சி-டாட்டுடையது, எல்லாவற்றையும் இணைத்துக் கட்டியது டிசிஎஸ். இத்தனை கை பட்ட ஒன்றில் கோளாறு வந்தால், ஒவ்வொருவரும் தன் பகுதி பச்சையாக இருப்பதைக் காட்டுவார்கள். பகுதிகள் ஒன்றோடு ஒன்று சேரும் இடத்தில்தான் கோளாறு இருக்கும்.

இன்னொன்று, உள்ளே போகும் தரவையும் இப்போது பார்க்க முடியாது. முன்பெல்லாம் வழியில் ஒரு ப்ரோப் (போகும் தரவைப் பார்க்கும் கருவி) வைத்தால் வீடியோ நின்று நின்று ஓடுகிறதா என்று ஓரளவு தெரிந்துவிடும். இப்போது எல்லாம் பூட்டிய பொட்டலம். 2021-ல் தரமாக்கப்பட்ட குயிக் நெறிமுறை வந்தபின் பொட்டலத்தின் வெளி உறையில்கூட அதிகம் படிக்க முடிவதில்லை. உங்கள் அந்தரங்கத்துக்கு இது நல்லது. எங்களுக்கு மட்டும், பொட்டலம் வருகிற இடைவெளியை வைத்து ஊகம் செய்வதே வேலையாகிவிட்டது.

இத்தனை சிக்கலை மனிதர் சமாளிக்க முடியாது என்றுதான் நெட்வொர்க்கையே தன்னைத் தான் கவனித்துக்கொள்ள விட்டிருக்கிறார்கள். பக்கத்துச் செல் பட்டியலைத் தானே எழுதிக்கொள்ளும், சுமையைத் தானே பகிரும், ஆள் குறைந்தால் மின்சாரம் மிச்சம் பிடிக்கச் சில அலைவரிசைகளைத் தானே அணைத்துவிடும். நம் கடற்கரைக்கு வரும் சங்கடம் இந்தக் கடைசி ஏற்பாட்டில் இருக்கிறது. பொதுவாக இந்த மின்சேமிப்பு நள்ளிரவுக்கு மேல் விடிகிற வரை இயங்கும்படி வைக்கப்படும். மதுரையில் அது சரி. விசைப்படகு கரைக்கு வந்து, நண்டும் கணவாயும் இறங்கி, ஏலம் சூடு பிடித்து, பணம் கை மாறுகிற இடத்தில் அந்நேரம்தான் உச்ச நேரம். கூட்டம் வந்ததும் செல் விழித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு கூட்டம் வந்தால் விழிப்பது என்ற வரம்பு எண்ணை உயரமாக வைத்திருந்தால் அது தாமதமாகும். அதற்குள் உங்கள் கடையில் இரண்டு மூன்று பேர் பணம் போகவில்லை என்று நின்றிருப்பார்கள். உங்கள் புகார் குறிப்பாக விடியற்காலையைச் சுற்றியே வருவதால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

வழக்கத்துக்கு மாறான நடப்பைக் கண்டுபிடிக்கும் மென்பொருளும் இங்கே தடுமாறும். அது திங்கள் இப்படி, ஞாயிறு இப்படி, காலை இப்படி, மாலை இப்படி என்று கற்றுக்கொண்டு, அதிலிருந்து விலகினால் எச்சரிக்கும். கடற்கரை ஊருக்குக் கிழமைக் கணக்கு பாதிதான் பொருந்தும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. தடைக்காலத்தில் இறங்குதளத்தைப் பார்க்கும் செல்லில் ஆளே இருக்காது. ஏதோ கோளாறு என்று மென்பொருள் கூப்பாடு போடும். ஜூன் 15-க்குப் பிறகு திடீரென்று சுமை ஏறும், அதையும் தப்பாக எடுத்துக்கொள்ளும். நடுவில் புயல் எச்சரிக்கை வந்து கடலுக்குப் போக டோக்கன் கொடுக்காத நாட்கள், ஸ்டிரைக் நாட்கள் வேறு. மீன்துறை நாள்காட்டியை அந்த மென்பொருளுக்கு யாராவது ஊட்டினால் உபயோகமாக இருக்கும். ஒவ்வொரு கூட்டத்திலும் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கடல் தன் பங்குக்குச் செய்யும் வேலைகள் தனி. வெயில் காலத்தில் காற்று அடங்கிய ராத்திரிகளில் கடலின் மேல் ஈரக் காற்றும் அதற்கு மேலே உலர்ந்த சூடான காற்றும் அடுக்காக நின்றால், ரேடியோ அலை நேரே போய் வானத்தில் கரையாமல் அந்த அடுக்குக்குள் மாட்டி வெகுதூரம் ஓடும். 2300, 3500 அலைவரிசைகளில் டவரும் போனும் ஒரே அலைவரிசையில் மாறி மாறிப் பேசுகின்றன. டவர் பேசி முடித்துவிட்டுக் கேட்கத் தொடங்குவதற்கு நடுவில் சிறு காவல் இடைவெளி விடுவார்கள். அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் போகும். 4ஜியின் ஒரு சிம்பல் (தரவை அனுப்பும் சிறு நேரத் துண்டு) அளவு இடைவெளி சுமார் 21 கிலோமீட்டருக்குத் தாங்கும், மூன்று சிம்பல் விட்டால் அறுபது கிலோமீட்டருக்கு மேல். கோடியக்கரைப் பக்கத்து டவர் ஒன்றின் அலை பாக் விரிகுடாவைத் தாண்டி நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிவந்தால், இங்கே டவர் போன்களைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் வந்து விழும். உங்கள் போனின் மெல்லிய குரல் அதில் அமுங்கிப்போகும். கோடு நாலும் அப்போதும் நிற்கும். நன்றாக விடிந்து காற்று அசைந்ததும் சரியாகிவிடும். பகலில் பொறியாளர் வந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. டவர் கேட்கும் பக்கத்து இரைச்சல் அளவை மணிவாரியாக எடுத்து, பல டவர்களில் ஒரே ராத்திரியில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தால்தான் பிடிபடும்.

தனுஷ்கோடிப் பக்கம் வேறொரு வேடிக்கை. தலைமன்னார் அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர், இடையில் தண்ணீர்தான். நம் டவர் கொஞ்சம் மங்கினால் போன் டயலாக், மொபிடெல் என்று இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துவிடும். ரோமிங் திட்டம் இல்லையென்றால் பேச முடியாது, இருந்தால் பில் ஏறும். வேறு நாட்டுக்குப் போனால் கடிகாரம் மாறுமே, அதை வைத்துக் கண்டுகொள்ளலாம் என்றால், இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். ஒருமுறை அங்கே ஒட்டிக்கொண்ட போன் சொந்த நெட்வொர்க்குக்கு உடனே திரும்பிவிடுவதும் இல்லை. தானியங்கித் தேர்வை அணைத்து, நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்து வைத்துக்கொள்வதும் டேட்டா ரோமிங்கை அணைத்து வைப்பதும் நல்லது. உங்கள் கம்பெனியின் கணக்கில் இந்த நேரம் முழுக்க நீங்கள் எங்கேயும் இல்லை, தோல்வியாகவும் இல்லை.

நடுக்கடலில் பழைய நோக்கியா தூரம் எடுத்தது, இந்தப் போன் எடுக்கவில்லை என்று படகுக்காரர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. 40 மீட்டர் டவரும் படகில் இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் போனும் இருந்தால், பூமியின் வளைவைக் கணக்கிட்டு 32 கிலோமீட்டர் வரை ஒன்றையொன்று பார்க்க முடியும். 2ஜியின் நேரக் கணக்கு 35 கிலோமீட்டர் வரை இடம் கொடுத்தது. 4ஜியில் போன் முதலில் கதவைத் தட்டும் குறிக்குப் பல வடிவங்கள் உண்டு. பெரும்பாலும் பயன்படுவது சுமார் 14 கிலோமீட்டருக்கு மேல் செல்லாது. தூரத்துக்கான வடிவத்தை வைத்தால் நூறு கிலோமீட்டர் வரைகூடப் போகலாம், ஆனால் அதற்குக் கூடுதல் இடம் ஒதுக்க வேண்டும், ஊருக்குள் இருப்பவருக்கு அது நஷ்டம். கடலைப் பார்க்கும் செக்டாருக்கு மட்டும் மாற்றி வைக்கலாம். எப்படியானாலும் உயிர் சமாசாரத்துக்குச் செல்போனை நம்பிப் போகாதீர்கள். விஎச்எஃப் வயர்லெஸ்ஸும், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் இஸ்ரோ வடிவமைத்த டிரான்ஸ்பாண்டரும் அதற்குத்தான் இருக்கின்றன.

உப்புக் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த போல்ட்டும் ஈரம் ஏறிய கனெக்டரும் டவர் அனுப்பும் இரண்டு அலைவரிசைகளைக் கலந்து மூன்றாவது ஒன்றை உண்டாக்கும். அது சரியாக டவர் கேட்கும் அலைவரிசையில் விழுந்தால் செல்லின் காது மந்தமாகிவிடும். டவரிலேயே இல்லாமல் பக்கத்துக் கூரைத் தகரத்தின் துருவிலிருந்தும் இது வரலாம். சுமை ஏறும் நேரத்தில் மட்டும் தலைகாட்டும் என்பதால் பிடிப்பது கஷ்டம்.

டவரைக் கோரோடு இணைக்கும் பாதையிலும் ஒரு மறைவிடம் இருக்கிறது. டிஷ் வைத்துக் காற்று வழியே அனுப்பும் மைக்ரோவேவ் லிங்க் மழையில் அறுந்துபோகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எட்டு பிட் அனுப்பிய இடத்தில் இரண்டு பிட் என்று கால் பங்காக இறங்கும். லிங்க் அறுந்தால் அலாரம், சுருங்கினால் பல இடங்களில் அலாரம் இல்லை. 2024 நவம்பரில் ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் கொட்டிய மாதிரி மழை என்றால் வேறு பேச்சே இல்லை, எல்லாம் சேர்ந்து படுக்கும். சாதாரண வாடை மழையில் நெட் மட்டும் மந்தமாகி டவர் பச்சையாக நின்றால் இதைச் சந்தேகிக்கலாம். கடலைத் தாண்டும் லிங்குக்கு மழை மட்டும் பகையில்லை, தண்ணீரில் பட்டு வரும் எதிரொலியும் பகை. நீர்மட்டம் ஏறி இறங்க அதுவும் மாறும். அதற்காகவே அப்படிப்பட்ட இடங்களில் மேலும் கீழுமாக இரண்டு டிஷ் வைப்பது வழக்கம்.

சரி, உங்கள் கடைக்கு வருவோம். போனில் நெட்மான்ஸ்டர் அல்லது செல்மேப்பர் போன்ற ஒரு செயலி போட்டுக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் *#*#4636#*#* அழுத்தினாலும் ஓரளவு விவரம் வரும், சில போன்களில் அடைத்து வைத்திருப்பார்கள். ஐபோனில் *3001#12345#*. தொல்லை வரும் நேரத்தில் ஏலக்கூடத்துக்குள் ஒருமுறை, வெளியே திறந்த இடத்தில் ஒருமுறை, அப்புறம் மத்தியானம் அதே இரண்டு இடத்தில் ஒருமுறை என்று எடுங்கள். குறித்துக்கொள்ள வேண்டியது நெட்வொர்க் எண் (404, 405 என்று தொடங்கினால் இந்தியா, 413 என்றால் இலங்கை), அலைவரிசை, செல் எண், ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர், சரியான நேரம். ஒரு வாரம் போதும்.

ஸ்பீட் டெஸ்ட்டை மட்டும் நம்பாதீர்கள். அது பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து, அருகில் இருக்கும் சர்வரை நோக்கி முழு வேகத்தில் இழுக்கும். இடையில் தொலையும் பொட்டலம் அதில் மறைந்துவிடும். டவுன்லோடு 60 எம்பிபிஎஸ் காட்டினாலும் யுபிஐ நிற்கலாம். டிராயின் மைஸ்பீட் செயலியில் எடுத்தால் அளவு டிராய்க்கும் போய்ச் சேரும் என்பது ஒரு நன்மை. எதில் எடுத்தாலும் அப்லோடு எவ்வளவு, பிங் (ஒரு பொட்டலம் போய்த் திரும்பும் நேரம்) எவ்வளவு குதிக்கிறது என்பதைக் கவனியுங்கள். பிங் ஒருமுறை 40, மறுமுறை 900 மில்லி விநாடி என்று ஆடினால் உங்கள் நோய் அங்கேதான்.

படிக்கும் முறை இது. கூடத்துக்குள் மைனஸ் 115, வெளியே மைனஸ் 85 என்றால் கூரைதான் காரணம். வைஃபை வைத்து வைஃபை காலிங்கை இயக்கிவிட்டால் உங்கள் கடைக்குப் பிரச்சினை தீர்ந்தது. கூரைக்கு மேலே நீங்களாக பூஸ்டர் வாங்கி மாட்டாதீர்கள். அனுமதியில்லாத பூஸ்டர் சட்ட விரோதம், ஊர் முழுக்கச் சிக்னலைக் கெடுக்கும். கடைத்தெருவில் ஒருவர் மாட்டினாலே அக்கம்பக்கத்து டவர்களின் இரைச்சல் ஏறுவதை நாங்கள் கண்ணால் பார்ப்போம். ஆர்எஸ்ஆர்பி நன்றாக இருந்து எஸ்ஐஎன்ஆர் மட்டும் கீழே கிடந்தால் டவர்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. இரண்டும் நன்றாக இருந்தும் அப்லோடு மட்டும் செத்துக் கிடந்தால் டவரின் காதில் இரைச்சல். விடியற்காலையில் மட்டும் ஒரு அலைவரிசை பட்டியலில் காணாமல் போனால் நான் சொன்ன மின்சேமிப்பு.

செல் எண்ணை எப்படிப் பயன்படுத்துவது என்றும் சொல்லிவிடுகிறேன். 4ஜியில் போன் காட்டும் நீளமான எண்ணை 256-ஆல் வகுத்தால் வரும் ஈவு டவரின் எண், மிச்சம் செல்லின் எண். 51201 என்று காட்டினால் டவர் 200, செல் 1. இதைப் புகாரில் எழுதினால், 'போனை அணைத்துப் போடுங்கள்' என்று சொல்லும் மேசையைத் தாண்டி ரேடியோ பொறியாளரிடம் போவதற்கு வாய்ப்பு கூடும். அவரால் அந்தச் செல்லின் அந்த 15 நிமிஷக் கணக்கைத் திறந்து பார்க்க முடியும். மொபைல் நெட்வொர்க்குக்கான உலகத் தரமான 3ஜிபிபியின் 10-ஆம் வெளியீட்டிலிருந்தே, டிரைவ் டெஸ்ட் வண்டி போகாமல் வாடிக்கையாளர் போன்களே அளவு அனுப்பும் வசதியும் இருக்கிறது. அவர் நினைத்தால் உங்கள் கூடத்தைக் கவனிக்கும் செல்லுக்கு மட்டும் அதை இயக்கிப் பார்க்கலாம்.

புகாரை 198-ல் பதிந்து டாக்கெட் எண்ணை (புகாரின் பதிவு எண்) வாங்கிக்கொள்ளுங்கள். 'நெட் ஸ்லோ' என்று மட்டும் சொன்னால் அது நூற்றோடு நூற்றொன்று. தேதி, மணி நிமிஷம், இடம், டவர் எண், செல் எண், கூடத்துக்கு உள்ளே வெளியே எடுத்த அளவு, எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குப் பேசும்போது குரல் போனது என்று எழுத்தில் கொடுங்கள். திருப்தி இல்லாமல் மூடிவிட்டால் அதே டாக்கெட்டை வைத்து அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். டிராய் தனிப்பட்ட புகாரை எடுத்து விசாரிப்பதில்லை, அங்கே எழுதி நாளைக் கடத்த வேண்டாம். ஒரே கூடத்தில் வியாபாரம் செய்யும் ஐந்தாறு பேர் அவரவர் நெட்வொர்க்கில் ஒரே நேரத்தில் அளவு எடுத்துச் சேர்த்து அனுப்பினால் இன்னும் நல்லது. எல்லா நெட்வொர்க்கும் ஒரே நிமிஷத்தில் படுக்கிறது என்றால் காரணம் டவரின் மின்சாரத்திலோ, ஃபைபரிலோ, உங்கள் கூரையிலோ இருக்கும். ஒன்று மட்டும் படுக்கிறது என்றால் அந்தக் கம்பெனியின் செட்டிங்கில் இருக்கும்.